ஐம்பது சிறு குவளைகள்

தியானப் பகுதி: யோவான் 19:28-30, 1 இராஜாக்கள் 19:1-8



இது பாடுகளின் வாரம். வருகிற வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாம் மறுபடியும் ஆலயத்தில் கூடி, சிலுவையின் ஏழு வார்த்தைகளை மூன்று மணி நேரம் தியானிக்க இருக்கிறோம். கடந்த ஆண்டு அந்த ஆராதனையின் முடிவில் நிகழ்ந்ததை உங்களில் பலர் கண்டீர்கள். ஆசீர்வாதம் கூறிவிட்டு அங்கி களையும் அறைக்குள் நுழைந்த உங்கள் குருவானவர், நாற்காலியை எட்டுமுன் தரையில் சாய்ந்துவிட்டார். பாடுகளின் பாரம் தாங்காமல் ஐயா மயங்கிவிட்டார் என்று சிலர் கண்ணீரோடு சொன்னதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அது உண்மையன்று. தண்ணீர் குடிக்காததால் மயங்கினேன். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு அடுத்த ஞாயிறு இதைச் சபைமுன் சுருக்கமாக ஒத்துக்கொண்டேன். ஓராண்டு கடந்த பின், இவ்வாரத் தியானத்தில் முழுவதையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்நாட்களில் என் எடை 128 கிலோ. பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. நாள்தோறும் இரு வேளை இன்சுலின். உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டதால் முகத்தில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டே உறங்கினேன். முழங்காற்படியிட்டு ஜெபித்தால், எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டும். உணவைக் குறைத்து எடையைக் குறைத்ததும் உண்டு; குறைந்தது ஆறு மாதத்தில் திரும்பி வந்ததும் உண்டு. குருவானவரின் பணி எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாலையில் ஆறு வீடுகளைச் சந்தித்தால் ஆறு தேநீர். ஆறு தட்டுகளில் முறுக்கும் அதிரசமும். மறுத்தால் அந்த வீட்டாரின் முகம் வாடும். அசனப் பண்டிகையில் முதல் இலை ஐயாவுக்கு. நீங்கள் அன்பினால் பரிமாறினீர்கள்; நான் மறுக்கத் தெரியாமல் உண்டேன். தவறு பரிமாறியவர்களுடையதன்று.

மதுரையில் என்னைப் பரிசோதித்த மருத்துவர்கள், எடை குறைப்பு அறுவை சிகிச்சையே தக்க வழி என்றார்கள். ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி என்று அதற்குப் பெயர். இரைப்பையின் முக்கால் பங்கை, சில வேளைகளில் அதற்கும் சற்று அதிகமாகவே, அகற்றிவிட்டு, வாழைப்பழம்போன்ற ஒடுங்கிய குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். ஒரு லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளத்தக்க பை, 100 முதல் 150 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் பையாகிவிடும். பெரிய வெள்ளிக்குப் பதினேழு நாட்களுக்கு முன்னர், ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு அது நடந்தது. சபைச் செயலர் ஒருவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். உங்களுக்கோ, "ஐயாவுக்கு வயிற்றில் ஒரு சிறிய அறுவை சிகிச்சை" என்று அறிவிக்கச் செய்தேன். அது பொய்யன்று என்று மனச்சாட்சிக்குச் சமாதானம் கூறிக்கொண்டேன். இச்சையடக்கத்தைக் குறித்து இருபது ஆண்டுகளாகப் பிரசங்கித்தவன் தன் வயிற்றை அடக்கக் கத்தியைத் தேடிப் போனான் என்று ஒருவரும் பேசிவிடலாகாது என்ற அச்சமே அந்த மறைப்புக்குக் காரணம்.

மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளில், என் மகள் வயதுடைய உணவியல் ஆலோசகர் ஒருவர் மருந்து ஊற்றும் சிறிய பிளாஸ்டிக் குவளையை என் கையில் வைத்தார். அதன் அளவு 30 மில்லி. "ஐயா, இனி உங்களுக்கு இரண்டே வேலை. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் திரவம். 70 கிராம் புரதம். மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான்" என்றார். நான் சிரித்தேன். தண்ணீர் குடிப்பதும் ஒரு வேலையா என்று எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டபோது சிரிப்பு அடங்கியது. வெட்டித் தைக்கப்பட்ட இரைப்பை முதல் வாரங்களில் வீங்கியிருக்கும். மடமடவென்று குடித்தால் மார்புக்குள் கல் அடைத்ததுபோல வலிக்கும், குடித்தது அப்படியே திரும்பி வரும். ஆகவே கால் மணி நேரத்துக்கு ஒரு குவளை வீதம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 120 மில்லி. ஒன்றரை லிட்டருக்கு ஐம்பது குவளைகள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறரை வரை, இடையில் ஒரு முறையும் தவறாமல் குடித்தால்தான் ஐம்பது நிறைவேறும். சோடா முதலிய வாயு நிறைந்த பானங்கள் கூடாது, உறிஞ்சுகுழலும் கூடாது. உணவோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. உணவு முடிந்த பின்னும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிறிய அறையொன்றில் தங்க இரண்டு விருந்தினர் வந்து நிற்பதுபோலத் திரவமும் புரதமும் என் நாள் முழுவதையும் தமக்கே கேட்டன. ஒருவருக்கு இடங்கொடுத்தால் மற்றவர் வாசலில் காத்திருந்தார்.

புரதத்தைக் குறித்தும் நான் அறியாமையில்தான் இருந்தேன். எடை வேகமாக இறங்கும்போது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. போதிய புரதம் கிடைக்காவிட்டால் தசையையும் எடுத்துக்கொள்ளும். புண் ஆறுவதற்கும் அதுவே வேண்டும். எனக்கு உடல்நலமில்லை என்று கேட்டதும் நீங்கள் அன்போடு அனுப்பியவை ரசமும், பருப்புத் தண்ணீரும், இளநீரும், அரிசிக் கஞ்சியும், ஆட்டுக்கால் சூப்பும். இவை நோயாளிக்கு ஏற்றவை என்பது நம் தாய்மார் நமக்குக் கற்பித்தது, தொண்டைக்கு இதமானவையுந்தான். ஆனால் தெளிவாக வடித்த இந்த நீர்கள் திரவக் கணக்கில் சேருமேயன்றி, புரதக் கணக்கில் மிகச் சொற்பமாகவே சேரும். பருப்பின் புரதம் பெரும்பாலும் அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. நாமோ மேலே தெளிந்த நீரை நோயாளிக்குக் கொடுத்துவிட்டுப் பருப்பை மற்றவர்களுக்குப் பரிமாறுகிறோம். இனிப்பு மிகுந்த பழச்சாறு ஒருமுறை குடித்தேன். சர்க்கரை விரைவாகக் குடலுக்குள் இறங்கியதில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கட்டிலில் விழுந்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் திரவ உணவு. அடுத்த இரண்டு வாரங்கள் குழைய மசித்த உணவு. அதன்பின் இரண்டு வாரங்கள் மென்மையான உணவு. ஆறு வாரங்களுக்குப் பிறகே மெல்ல மெல்ல வழக்கமான உணவு. இந்த ஒழுங்கில் மூன்றாம் வாரம் முதல் என் ஒரு நாள் புரதக் கணக்கு இப்படி வந்தது: புரதப் பொடி ஓர் அளவுக் கரண்டி, 24 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்த 200 மில்லி பால் இரண்டு வேளை, வேளைக்குச் சுமார் 12 கிராம், மசித்த முட்டை ஒன்று, 6 கிராம், முள் நீக்கி மசித்த மீன் 50 கிராம், சுமார் 10 கிராம் புரதம், துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் ஒரு சிறு கிண்ணம், சுமார் 6 கிராம். கூட்டினால் எழுபது. எந்தத் தட்டிலும் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் மட்டுமே சோறு. முதலில் சோறு என்று பழகிய நமக்கு இது தலைகீழான பாடம்.

என் துணைவியார் ஒரு பழைய ஞாயிறு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு குவளைக்கும் ஒரு கோடு இட்டு வந்தார்கள். ஐந்தாவது கோடு நான்கின்மேல் குறுக்கே விழும். முதல் வாரத்தில் நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது என்று கோடுகள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் புத்தகம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. பாடுகளின் வாரத்துப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்படுகிறேன். திங்கள் முப்பத்தெட்டு. புதன் முப்பத்தொன்று. வியாழன் இருபத்திரண்டு. வெள்ளி, ஒன்பது.

ஏன் குறைந்தது? பசி இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் உண்டாகிறது. அகற்றப்பட்டதோ அந்தப் பகுதி. ஆகவே அறுவைக்குப் பின் பல மாதங்கள் பசி அடங்கிக் கிடக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆயினும் என் இருதயம் வேறுவிதமாகப் பேசிற்று. ஐம்பது வயதுவரை என்னை ஆண்ட பசி, லெந்து காலத்தில் சரியாக என்னைவிட்டு அகன்றதைக் கண்டு, இது ஆவிக்குரிய வெற்றி என்று உள்ளூர மகிழ்ந்தேன். முந்தின ஆண்டுகளில் நண்பகலுக்குள் தளர்ந்துபோகும் என் உபவாசம் இப்போது எளிதாயிருந்தது. பிரியமானவர்களே, பசியே இல்லாதவனின் உபவாசம் உபவாசமா? பணமில்லாதவன் தன் சிக்கனத்தைக் குறித்து மேன்மைபாராட்டுவது போன்றது அது. தாகமும் மந்தமாக இருந்தது. அதையும் வரமென்று எண்ணிக்கொண்டேன். நாள்தோறும் மாலை ஆராதனை, இடையில் வீட்டுச் சந்திப்பு, இரவில் பிரசங்க ஆயத்தம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை குவளையைத் தூக்குவது தேவ பணிக்கு இடையூறாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். பிரசங்க பீடத்தின் ஓரத்தில் என் துணைவியார் ஒரு டம்ளர் தண்ணீரை மூடிவைத்திருந்தார்கள். ஆராதனைக்கு முன், "என்னங்க, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வாய் குடிச்சிருங்க" என்று கெஞ்சினார்கள். நம் சபையில் அந்த மூன்று மணி நேரம் வாயில் ஒன்றும் படாமல் இருப்பது மூத்தோர் காலத்து வழக்கம். எழுபது வயதுத் தாய்மார் உமிழ்நீர் விழுங்கிக்கொண்டு அமர்ந்திருக்க, குருவானவர் பீடத்தில் நின்று தண்ணீர் குடிப்பதா? டம்ளரைத் தொடவில்லை. நான்காம் வார்த்தையில் நெஞ்சு விரைந்து அடித்தது. ஐந்தாம் வார்த்தைக்கு வந்தேன். ஆண்டவர் தமது தாகத்தைச் சொன்ன வார்த்தை அது. நாக்கு உலர்ந்து சொற்கள் தடித்து வந்தன. சிலுவையின் தாகம் ஆத்துமாக்களுக்கான தாகம் என்று உருக்கமாக விளக்கினேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து என் துணைவியார் டம்ளரைக் கண்ணால் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் கண்களை மூடிக்கொண்டு ஜெபித்தேன்.

அதன் பிறகு நடந்தது எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரியும். சபையார் ஒருவருடைய காரில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்த அழுத்தம் 80க்கு 50. நாடி 120. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் மிகக் கொஞ்சமாக வந்தது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தது. மதுரை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியபின், குளுக்கோஸ் ஏற்றுமுன் தையமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். அந்தச் சத்து உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமிப்பில் இராது; அது வற்றியிருக்கும்போது குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையே பழுதடையலாம் என்று பின்னர் விளக்கினார்கள். இவ்வகை அறுவைக்குப் பின் நோயாளிகள் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதற்கு நீர்ச்சத்துக் குறைவு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். பணியிலிருந்த இளம் மருத்துவர், நான் குருவானவர் என்று அறியாமல், "குடும்பத்தில் யாரும் உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார். என் துணைவியார் தலைகுனிந்து நின்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு நேர்ந்தவற்றுள் மிகவும் வலித்தது அதுவே. என் வைராக்கியத்தின் பழியை அவர்கள் சுமந்தார்கள்.

சனிக்கிழமை இரவு, நரம்பில் நீர் சொட்டிக்கொண்டிருக்கையில், ஐந்தாம் வார்த்தை மறுபடியும் என்னிடம் வந்தது. இத்தனை ஆண்டுகள் அதற்கு ஆவிக்குரிய பொருளை மட்டுமே கூறி வந்திருக்கிறேன். அந்தப் பொருள் தவறன்று. ஆனால் அங்கே தொங்கினவருக்கு மெய்யாகவே நா உலர்ந்திருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. தமக்கு விரோதமாய் நின்ற போர்ச்சேவகர் கேட்கத்தக்கதாக அதை வாய்விட்டுச் சொன்னார். காடியில் தோய்த்த கடற்காளானை அவர்கள் நீட்டியபோது ஏற்றுக்கொண்டார். ஆண்டவர் தமது தாகத்தைச் சொன்னதைப் பிரசங்கிக்கும்போதே, அவருடைய ஊழியக்காரன் தன் தாகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். ஆண்டவர் தம்மை வெறுத்தவர்களின் கையிலிருந்து ஏற்றார்; நான் என்னை நேசித்தவரின் டம்ளரை மறுத்தேன். நான் பெற்றிருந்தது தேவபக்தியன்று, பெருமை.

எலியாவும் நினைவுக்கு வந்தான். கர்மேலின் வெற்றிக்குப் பின் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவு வந்தால் போதும் என்று கேட்டவனிடம், தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை, அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். எலியா கொஞ்சம் உண்டு மறுபடியும் படுத்தான். தூதன் சலிக்காமல் இரண்டாந்தரம் வந்து தட்டினான். உணவும் நீரும், சிறிதளவாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை. பிறகே நாற்பது நாள் பயணம். அதற்கும் பிறகே ஓரேபில் மெல்லிய சத்தம். என் வீட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது முறை தட்டி எழுப்பிய தூதரை நான் நோட்டுப் புத்தகமும் கையுமாக மட்டுமே கண்டிருந்தேன்.

உயிர்த்தெழுந்த திருநாள் அதிகாலையில், நீங்கள் ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் கட்டிலில் சாய்ந்து முதல் குவளையைக் குடித்தேன். 30 மில்லி. நான் திருவிருந்தில் உங்கள் நாவில் படவைக்கும் அளவைவிடச் சற்றே அதிகம். இத்தனை சிறிய அளவை எத்தனை பயபக்தியோடு பெற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குக் கற்பித்தவன் நான்தானே! அதே பயபக்தியோடு குடித்தேன். என் துணைவியார் புதிய பக்கத்தில் ஒரு கோடு இட்டார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த குவளைக்கு இன்னும் கால் மணி இருக்கு, இப்போ கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். வீடு திரும்பிய மறுநாள் மசித்த மீன் இரண்டு தேக்கரண்டி உண்டேன். உயிர்த்தெழுந்த ஆண்டவரும் சீஷரிடத்தில் உணவு கேட்டு வாங்கி, அவர்கள் கண்முன் மீனைப் புசித்தார் என்று லூக்கா எழுதியிருப்பது, அந்த இரண்டு தேக்கரண்டியில் எனக்குப் புதிதாய் விளங்கிற்று. மகிமையின் சரீரத்தோடு வந்தவரும் உணவைச் சிறுமையாக எண்ணவில்லை.

அடுத்த ஞாயிறு சபைமுன் உண்மையைச் சொன்னபோது என் கால்கள் நடுங்கின. நீங்கள் நகைக்கவில்லை. ஆராதனை முடிந்து, என் இலையில் இருமுறை பரிமாறாமல் ஒருநாளும் விடாத முதிய தாய் ஒருவர் வந்து, "தட்டு நிறையப் போடுறதுதான் அன்புன்னு நினைச்சோம் ஐயா. இனிமே எவ்வளவு போடணும்னு நீங்களே சொல்லிருங்க" என்றார்கள். இப்போது அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு காப்பிக் கிண்ணம் இருக்கிறது. அதில் பாதியளவு மோர்.

அதே வாரத்தில் வேறொரு சகோதரி இரவில் என் துணைவியாரைத் தேடி வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வாழ்ந்தவர்கள். ரசம் சாதமும் கஞ்சியுமே அவர்கள் உணவு. முடி கற்றை கற்றையாய் உதிர்ந்தபோது, தேவன் தந்த உடலைக் கத்தியால் திருத்தியதற்குத் தண்டனை என்று எண்ணி அழுதிருக்கிறார்கள். இத்தகைய அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களில் முடி உதிர்வது பலருக்கும் நேர்வதே. புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது நீடிக்கும். அவர்களுக்குத் தேவைப்பட்டது மனந்திரும்புதல் அன்று. முட்டையும் மீனும் பயறும், ஓர் இரத்தப் பரிசோதனையும். நான் என் வெட்கத்தை மறைத்து வைத்ததனால் மற்றொருவர் இருட்டில் தவித்தார்களே என்று அன்றிரவு அழுதேன். மேய்ப்பன் தன் காயத்தை மறைத்தால், ஆடுகளும் தங்கள் காயங்களை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

இன்று என் எடை 91 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு மாத்திரை தொடர்கிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பசியும் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. ஆகவே போராட்டமும் திரும்பி வருகிறது. உங்கள் வீட்டில் இத்தகைய சிகிச்சை பெற்றவர் இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். சிறுநீர் நிறம் கருத்தல், எழுந்தவுடன் தலைசுற்றல், நாடி விரைதல், ஓயாத தலைவலி, குடித்ததெல்லாம் வாந்தியாதல் ஆகியவை கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இராதேயுங்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புரத அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு அது வேறு. என் கணக்கை அப்படியே பின்பற்றாமல் உங்கள் மருத்துவர் தரும் அளவைப் பின்பற்றுங்கள். உபவாசத்தைக் குறித்தும் அவரிடமே கேளுங்கள். கேட்க வெட்கமாயிருந்தால் என்னை அழைத்துப்போங்கள். நான் கூட வருவேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பிரசங்க பீடத்தில் அதே டம்ளர் இருக்கும். ஐந்தாம் வார்த்தை வரும்போது நான் அதை எடுத்து உங்கள்முன் ஒரு வாய் குடிப்பேன். இடறலடையாதேயுங்கள். உங்களில் மாத்திரை உட்கொள்ள வேண்டிய முதியோரும், கர்ப்பவதிகளும், நீரிழிவு நோயாளிகளும் அப்போது உங்கள் கைப்பைகளிலுள்ள தண்ணீர்ப் பாட்டில்களைத் திறந்துகொள்ளுங்கள். தாகத்தை வாய்விட்டுச் சொன்ன ஆண்டவரின் சந்நிதியில் ஒருவரும் தாகத்தை மறைக்க வேண்டியதில்லை.

இவ்வாரச் சிந்தனைக்கு: எனக்கு உண்டான எந்தத் தேவையை, பக்தி என்ற பெயரில் மற்றவர்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்? யாருடைய கையிலிருந்து வரும் உதவியை ஏற்க மறுக்கிறேன்?

ஜெபம்: எங்கள் சரீரம் மண்ணென்று அறிந்திருக்கிற பிதாவே, எங்கள் பலவீனத்தை உமக்கும் ஒருவருக்கொருவரும் ஒளிக்காதிருக்கக் கிருபை தாரும். நோயுற்றோர் அருகில் இரவும் பகலும் குவளையோடு காத்திருக்கும் கைகளைப் பலப்படுத்தும். சிறியதைச் சிறியதென்று தள்ளாமல், ஒவ்வொரு வாயாக, ஒவ்வொரு நாளாக உம்மிடமிருந்து பெற்றுக்கொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.